அவள் பெயரில் இருந்த வண்டி

அரசாங்கப் பதிவேடுகளில் என் மனைவியின் பெயரில் இருந்த உடைமை ஒன்றே ஒன்றுதான்: ஒரு சிறிய வெள்ளைக் கார். ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருந்த அடுக்ககம் என் பெயரில். ஜீயபுரத்துக்கு அப்பால் இருந்த வாழைத் தோட்டம், விற்கும்வரையில், என் தந்தையின் பெயரில். மின் இணைப்பும் எரிவாயு இணைப்பும் என் பெயரில். முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் கணிதம் கற்பித்து அவள் ஈட்டியதில் பெரும்பகுதி என் பெயரில் இருந்தவற்றுக்குள் போய்ச் சேர்ந்தது. இதை அநீதி என்று நான் எண்ணியதில்லை. நீதி என்றால் என்ன, ஒப்பந்தம் என்றால் என்ன என்று சட்டக் கல்லூரியில் விளக்குவதே என் தொழில். பகல் முழுவதும் வகுப்பில் கையாண்ட ஒன்றை மாலையில் வீட்டிலும் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்ற மறுமாதம் அவள் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். எனக்கு ஓட்டத் தெரியாது, கற்கவும் முயன்றதில்லை. கற்றுக்கொண்ட பின் வண்டி வாங்கப் போனோம். விற்பனையகத்தில் படிவம் நிரப்பிய ஊழியர் இயல்பாக என் பக்கம் திரும்பி, "சார், பேர் சொல்லுங்க" என்றார்.

"பேர் என் பேர். எழுதிக்கோங்கோ" என்றாள் அவள்.

வரி, வாரிசு என்று பின்னாளில் சிக்கல் வரும், என் பெயரில் இருப்பதே சுலபம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் பொறுமை இழந்து, "யார் பேர்ல இருந்தா என்ன?" என்றேன்.

"அப்போ என் பேர்லயே இருக்கட்டுமே."

அந்த ஊழியர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அவளே ஏறி அமர்ந்து நான்கையும் நசுக்கிக்கொண்டு சாலைக்கு வந்தாள். அவள் மிகவும் குள்ளம். இருக்கையை அது போகும் எல்லைவரை முன்னால் இழுத்து, மேலே ஒரு பச்சை நிறத் திண்டு போட்டால்தான் சாலை தெரியும். நான் இடப்பக்கம் அமர்ந்து, "பிரேக்" என்றும் "மெதுவா" என்றும் ஆறு ஆண்டுகள் ஆணையிட்டுக்கொண்டிருந்தேன். "நீங்க வாயால ஓட்டறேள், நான் காலால ஓட்டறேன். ரெண்டு பேருமா சேர்ந்து எங்கேயாவது போய்ச் சேர்ந்துடறோம்" என்பாள்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஜீயபுரத்தில் இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்த அவளுடைய பழைய சக ஆசிரியையைப் பார்க்கக் கிளம்பினாள். என்னையும் அழைத்தாள். ஒரு கட்டுரையின் அச்சுப்படி திருத்த வேண்டியிருக்கிறது என்றேன். திரும்பி வரும் வழியில், வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று வயல் பாதையிலிருந்து நிற்காமல் சாலைக்கு ஏறியது. மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தாள். அந்த மூன்று நாளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அச்சுப்படியை அந்த வாரமே அனுப்பிவிட்டேன் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

பன்னிரண்டாம் நாள், வீடு நிறையச் சுற்றத்தார் இருந்தபோது, காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்தார். வண்டியில் எவ்வளவு சேதம் என்று மதிப்பிடுவது அவர் வேலை. பண்புள்ளவர், செருப்பை வெளியே கழற்றிவிட்டு, ஓரமாக நின்றார். உள்ளே காரியம் செய்துவைக்கும் வாத்தியார் எனக்காகத் தர்ப்பையோடு காத்திருந்தார்.

"சார், இந்த நேரத்துல வந்து தொந்தரவு பண்றேன். பென்சில் குறி போட்ட எடத்துல மட்டும் கையெழுத்து போட்டாப் போதும்."

போட்டேன். ஏழு இடம். வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி. அட்டை வேண்டும் என்றார். அவளுடைய கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மறுபடி போய் மணையில் உட்கார்ந்தேன்.

முப்பது ஆண்டுகளாக, ஒவ்வொரு கல்வியாண்டின் முதல் வாரத்திலும், நான் மாணவர்களுக்குச் சொன்ன செய்தி ஒன்றுண்டு: கையெழுத்திட்டவர் படித்துவிட்டே கையெழுத்திட்டார் என்றுதான் நீதிமன்றம் கொள்ளும். துக்கத்தில் இருந்தேன், அவசரத்தில் இருந்தேன் என்பவை எடுபடுவது அரிது. இதைச் சொல்லும்போது என் குரலில் லேசான இளக்காரம் இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து நிறுவனத்தின் கடிதம் வந்தது. பழுதுபார்க்கும் செலவு வண்டியின் மதிப்பை நெருங்குவதால் அது முழு இழப்பாகக் கொள்ளப்பட்டது; என் சம்மதப்படி சிதைந்த வண்டியை நிறுவனம் எடுத்து ஏலத்தில் விற்றுவிட்டது; வாரிசு என்ற முறையில் தொகை என் கணக்கில் சேர்க்கப்படும். என் சம்மதத்தின் நகலையும் இணைத்திருந்தார்கள். அதில் இரண்டு கட்டங்கள். வண்டியை நானே வைத்துக்கொண்டு குறைந்த தொகை பெறுவது ஒன்று. வண்டியை நிறுவனத்திடம் விட்டுவிடுவது மற்றொன்று. இரண்டாவது கட்டத்தில் பேனாவால் ஒரு குறி. அந்தக் குறி என்னுடையதல்ல. அதன் கீழ் இருந்த கையெழுத்து என்னுடையது.

அப்போதுகூட எனக்குப் பெரிதாக எதுவும் உறைக்கவில்லை. வாக்காளர் பட்டியலிலிருந்தும் குடும்ப அட்டையிலிருந்தும் வங்கியிலிருந்தும் அவள் பெயரை நீக்கும் வேலைகளை நானே முறையாகச் செய்துகொண்டிருந்தேன். என் அக்கா வந்து புடவைகளைப் பங்கிட்டு எடுத்துப் போய்விட்டாள். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. வேலைகள் சீக்கிரமாக முடிந்துகொண்டு வந்தன.

பிறகு ஒரு நாள் தபாலில் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. அவள் இறந்த பின் அவள் பெயருக்கு வந்த ஒரே கடிதம் அது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அறிவிப்பு. அவளுடைய வாகனம் சாலையில் ஓடத் தகுதியற்றது என்று தெரியவந்திருப்பதால் அதன் பதிவு நிறுத்தி வைக்கப்படுகிறது. ஆறு மாதத்துக்குள் அதைச் செப்பனிட்டுத் தகுதியை நிரூபிக்காவிட்டால் பதிவு ரத்து செய்யப்படலாம். உறையின் மேல் அவள் முழுப் பெயர். அதன் கீழ் இன்னாரின் மனைவி என்று என் பெயர். அந்த ஓர் அலுவலகம் மட்டும் அவள் உயிரோடு இருப்பதாகக் கருதி, அவளை அதட்டி, ஆறு மாத அவகாசமும் கொடுத்திருந்தது.

மறுபடி மறுபடி அந்த உறையைப் படித்தேன். ஆறு மாதத்தில் அந்தப் பதிவும் போய்விட்டால், அவள் தன் பெயரில் ஒரு பொருள் வைத்திருந்தாள் என்பதற்கு எங்குமே சான்றிராது. எனக்கு வேண்டியிருந்தது வண்டி அல்ல. அந்தப் பதிவு நிற்க வேண்டும். நிற்க வேண்டுமானால் வண்டி வேண்டும்.

ஏலத்தில் எடுத்தவர் பழைய நகரத்தில் காயலான் கடை வைத்திருந்தார். நெருக்கமான தெருவில் தகரக் கதவு. உள்ளே போனால் எதிர்பாராத அகலத்தில் ஒரு வெளி. கதவுகள், பம்பர்கள், கண்ணாடிகள் தனித்தனியாக அடுக்கப்பட்டிருந்தன. ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. வெள்ளைத் தொப்பி, மடித்துக் கட்டிய கைலி.

"வாங்க சார், உக்காருங்க. என்ன பார்ட்ஸ் வேணும்?"

"பார்ட்ஸ் இல்லை. முழு வண்டி" என்று எண்ணைச் சொன்னேன்.

"அந்த வெள்ளையா? அது சாவு வண்டில்ல..." என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "மன்னிச்சுக்கங்க. உங்களுக்கு..."

"என் மனைவி."

"இன்னா லில்லாஹி" என்று முணுமுணுத்தார். உள்ளே பார்த்து இரண்டு டீக்குக் குரல் கொடுத்தார். டீ வந்து, நான் ஒரு வாய் குடிக்கட்டும் என்று காத்திருந்தார். பிறகு, "வண்டி இருக்கு. ஆனா உங்களுக்குக் குடுக்க மாட்டேன்" என்றார்.

"விலை பற்றிப் பேசலாம்."

"விலை இல்ல சார். வேற யார் வந்து கேட்டாலும் இன்னிக்கே குடுத்துருவேன். சாவு விழுந்த வண்டிய அதே வீட்டுக்குத் திருப்பிக் குடுக்கறதில்ல. எங்க அத்தா இந்தக் கடைய நடத்துன காலத்துல வச்ச வழக்கம்."

"காரணம்?"

"பாத்தீங்களா, காரணம் கேக்கறீங்க. வாத்தியாரா நீங்க?"

"ஆமாம். சட்டம்."

"அதானே. மத்தவங்க எல்லாம் காலைப் புடிப்பாங்க, இல்ல சத்தம் போடுவாங்க. காரணம் யாரும் கேட்டதில்ல." தம் டீயை முடித்துவிட்டுச் சொன்னார்: "மருங்காபுரிப் பக்கத்து ஆளு ஒருத்தர். தம்பி செத்த ஜீப்ப எங்க அத்தாகிட்ட வந்து அழுது வாங்கிட்டுப் போனாரு. சரி பண்ணி, தம்பி உக்காந்த சீட்டுல உக்காந்து ஓட்டிக்கிட்டு, நெனச்சு நெனச்சு அழுதிருக்காரு. கண்ணு மறைச்சு நேரா புளியமரத்துல விட்டுட்டாரு. ஒரே மாசம். அதே ஜீப்பு மறுபடி எங்க கடைக்கே வந்துச்சு சார். அத்தா அத வாங்கவே மாட்டேன்னுட்டாங்க. அன்னிக்கு வச்ச வழக்கம்."

"எனக்குக் கார் ஓட்டத் தெரியாது" என்றேன்.

"டிரைவர் போடுவீங்க."

"இல்லை. அது நிற்கத்தான் போகிறது."

"ஓட்டவும் தெரியாது, ஓட்டவும் போறதில்ல. அப்புறம் எதுக்கு சார் வண்டி?"

"அவ பேர்ல இருக்கறது அது ஒண்ணுதான்" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, மறுபடி போட்டுக்கொண்டார். "அப்ப அத்தா சொன்னது உங்களுக்கு இல்ல சார். ஓட்டத் தெரியாதவரு எவ்வளவு அழுதாலும் வண்டிக்கு ஒண்ணும் ஆகாது."

ஒரு விதியை அதன் காரணத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும், காரணம் இல்லாத இடத்தில் விதி பொருந்தாது என்பதை என் மாணவர்களுக்குப் புரியவைக்க ஒரு பருவம் முழுவதும் போராடியிருக்கிறேன். அவர் அதை ஒரு கோப்பை டீயில் முடித்தார்.

விலை பேசி முடித்த பிறகு உள்ளே போய் எண் எழுதிய ஒரு துணிப்பையைக் கொண்டு வந்தார். விபத்து வண்டிகளுக்குள் கிடைக்கும் பொருள்களை அவர்கள் விற்பதில்லை. ஒரு வருடம் வைத்திருந்து, யாரும் வராவிட்டால் ஆற்றில் விடுவார்களாம். பையில் அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கூடு, குடை, பாதி பிரித்த கடலை உருண்டைப் பொட்டலம், பச்சைத் திண்டு. திண்டைத் துவைத்து வைத்திருந்தார்கள். ஏன் துவைக்க வேண்டியிருந்தது என்று நான் கேட்கவில்லை.

ஆர்.சி. அட்டையையும் நிறுவனத்தின் ஆட்சேபணையின்மைக் கடிதத்தையும் கொடுத்துவிட்டு, வாசல்வரை வந்தார். "ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. வண்டி நிக்கும். பேரு நிக்காது. ஆபீஸ்ல உசுரோட இருக்கவங்க பேருதான் கேப்பாங்க."

"பார்க்கலாம்."

"யாருக்கும் சொல்லாம விட்டிருந்தீங்கன்னா அந்தப் பேருலயே ஓடிட்டிருக்கும் சார். பாதி ஊரு மவுத்தானவங்க பேருலதான் ஓடுது."

அவர் சொன்னது உண்மை. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாவற்றையும் உரிய காலத்துக்குள் பெற்று, உரிய இடங்களுக்கெல்லாம் நகல் அனுப்பியவன் நான். சட்டம் படிக்காத ஒரு கணவனாக இருந்திருந்தால் அவள் பெயர் இன்னும் சில ஆண்டுகள் ஓடியிருக்கும்.

அக்காவுக்கு எப்படியோ செய்தி எட்டியது. மறுநாளே வந்து நின்றாள்.

"ஏண்டா, அவளைக் கொண்டுபோன வண்டியைக் கொண்டுவந்து ஆத்து வாசல்ல நிறுத்தப் போறியாமே?"

"வண்டி கொண்டுபோகலை. லாரி கொண்டுபோச்சு."

"ரெண்டும் இரும்புதான். நோக்கு ஓட்டவும் தெரியாது. அந்த வயசுல அவ ஓட்டக் கத்துக்கறேன்னு கிளம்பினப்பவே நீ வேண்டாம்னு சொல்லியிருக்கணும்."

"சொன்னேன்."

"கேட்டாளா?"

"கேட்கலை" என்றேன். அந்த ஒரு சொல்லில் நான் அக்காவின் பக்கம் போய் நின்றுவிட்டேன் என்பது அவள் படி இறங்கிப் போன பிறகே தெரிந்தது. அன்று என் மனைவி ஓட்டியதில் ஒரு பிழையும் இல்லை. காவல்துறை அறிக்கையும் அப்படித்தான் சொல்லியது. அந்தப் பக்கத்தை எடுத்து அக்காவிடம் காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

வண்டியைத் தென்னூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். உரிமையாளரான மெக்கானிக், மாதா படத்துக்குக் கீழே ஸ்பேனர்களை அளவுவாரியாக மாட்டி வைத்திருந்தார். பழைய அட்டையில் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"மேக்ஸ் மிஸ் வண்டியா சார் இது? நீங்க மிஸ்ஸோட சாரா?"

இன்னாரின் கணவனாக, அவளுடைய சாராக, நான் அறியப்பட்டது அதுவே முதல் முறை. அவளிடம் எட்டாம் வகுப்புப் படித்தவராம். "ரெண்டு தடவ என்னை பெயிலாக்கினாங்க சார். மூணாவது தடவ சாயந்திரம் நிறுத்தி வச்சு அவங்களே சொல்லிக் குடுத்து பாஸாக்கினாங்க. கோணம், சாய்வு எல்லாம் இன்னிக்கு வீல் அலைன்மென்ட்ல வருது. அன்னிக்குப் புரியல." வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். முன்பக்கம் முழுவதும் உள்வாங்கியிருந்தது. "டைம் ஆகும். ஆனா வரும்" என்றார்.

நாட்கள் ஆயின. அடிச்சட்டத்தை நிமிர்த்த வேண்டியிருந்தது. உதிரிப்பாகங்கள் சென்னையிலிருந்து வர வேண்டியிருந்தது. வாரம் இருமுறை போய், ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவேன். ஆறு மாதத்தில் நான்கு போய்விட்டன. ஒருநாள் அவர் ஓட்டுநர் இருக்கையைக் காட்டினார். விபத்தில் அது நகரும் இரும்புத் தடம் வளைந்து, முன்கோடியிலேயே இறுகிப் போயிருந்தது. நிமிர்த்தி எண்ணெய் விட்டு நகரும்படி செய்திருந்தார்.

"பின்னாடி தள்ளிடவா சார்? நார்மல் எடத்துக்கு?"

"வேண்டாம். அங்கேயே இருக்கட்டும்."

"ஓட்டறவங்க முட்டி இடிக்குமே சார்."

அவர் இருக்கையையும் என்னையும் பார்த்துவிட்டு, "சரி, என் முட்டிதானே" என்றார்.

தகுதி ஆய்வுக்கு வண்டியை அவரே ஓட்டி வந்தார். ஆறடி உயர மனிதர். இருக்கையில் பச்சைத் திண்டையும் நான் போட்டு வைத்திருந்தேன். முழங்கால்கள் ஸ்டீயரிங்கின் இருபுறமும் மேலே நிற்க, முதுகை வளைத்துக்கொண்டு, காவிரிப் பாலத்தைக் கடந்து வந்தார். நான் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். பாலத்தில் ஒரு பேருந்து குறுக்கே வந்தபோது, "பிரேக்" என்றேன். அவர் ஏற்கெனவே பிரேக்கில் கால் வைத்திருந்தார்.

ஆறு மாதம் முடிய அப்போது பதினொரு நாள் இருந்தது. ஆய்வு மைதானத்தில் வெயிலில் வரிசையாக வண்டிகள். பிரேக் இன்ஸ்பெக்டர் ஓர் இளம்பெண். காக்கிச் சீருடை, கையில் அட்டை. அடிச்சட்டத்தின் எண்ணைக் குனிந்து பார்த்தார். விளக்குகளைப் போடச் சொன்னார். பதிவேட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். பிறகு, "நானே ஓட்டிப் பாக்கறேன்" என்று கதவைத் திறந்தார்.

மெக்கானிக் பதறி, "மேடம், சீட்டு முன்னாடி இருக்கு, இருங்க, தள்ளி விடறேன்" என்றார்.

இன்ஸ்பெக்டர் அதற்குள் ஏறி அமர்ந்துவிட்டார். குள்ளமான பெண். கால்கள் சரியாக எட்டின. திண்டைத் தட்டி நேராக்கி, கண்ணாடியைப் பார்த்தார். அதையும் திருப்ப வேண்டியிருக்கவில்லை. மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். சட்டென்று பிரேக் போட்டுப் பார்த்தார். திரும்பி வந்து நிறுத்தினார்.

"நல்லா இருக்கு. எந்த வண்டியில ஏறினாலும் சீட்டோடதான் எனக்கு முதல் சண்டை. இதுல இல்ல. யார் ஓட்டறாங்க இத? என்னை மாதிரி ஆளா?"

"எங்க மிஸ்" என்றார் மெக்கானிக்.

"அவங்ககிட்ட சொல்லுங்க, வண்டி பாஸ்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

அந்தக் காகிதத்தோடு மாடியில் இருந்த பிரிவுக்குப் போனேன். நடக்கும்போது எனக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நிறுத்தி வைத்த பதிவை விடுவிப்பதற்கும் உரிமையாளர் பெயரை மாற்றுவதற்கும் தனித்தனி விண்ணப்பங்கள். முதலாவதை மட்டும் கொடுத்தால், முதலாவதை மட்டும் செய்வார்கள் அல்லவா? இப்படி ஓட்டைகளைத் தேடும் மாணவர்களுக்கு நான் மதிப்பெண் குறைப்பதுண்டு.

மேசைக்குப் பின்னால் இருந்த அம்மையார் காகிதங்களை நிதானமாகப் புரட்டினார்.

"பேர் மாத்தற படிவம் வைக்கலையே சார்?"

"அது இப்போதைக்கு வேண்டாம். நிறுத்தத்தை மட்டும் நீக்கிக் கொடுங்கள்."

"ஓனர் இறந்துட்டாங்கன்னு இன்சூரன்ஸ்காரங்க அனுப்பின காகிதமே இதுல இருக்கே. நீங்கதான் வாரிசுன்னும் இருக்கு. இறந்தவங்க பேர்ல எப்படி சார் வண்டி ஓடும்?"

"ஓடாது. நிற்கும்."

"நிக்கறதுக்கு எதுக்கு சார் பதிவு?"

அதட்டலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். காயலான் கடையில் சொன்ன பதிலை இங்கே சொல்லியிருக்கலாம். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோரும் கேட்கும்படி அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. நான் அவ்வாறு வளர்க்கப்பட்டவனல்ல.

"அவர்கள் பெயரும் ஓர் ஓரமாக இருக்கும்படி ஏதாவது..." என்றேன்.

"ஒரு வண்டிக்கு ஒரு பேர்தான் சார். இன்னும் பதினொரு நாள்தான் இருக்கு, விட்டா ரத்தாயிடும், அப்புறம் வண்டியும் இல்ல பேரும் இல்ல." என் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும், குரலைத் தணித்துக்கொண்டார். "யார் பேர்ல இருந்தா என்ன சார்? உங்க வீட்டு வண்டிதானே."

என் வாக்கியம். விற்பனையகத்தில் நான் சொன்னபோது அதற்கு அவளிடம் ஒரு பதில் இருந்தது.

படிவத்தைக் கொடுத்தார். ஜன்னலோரம் நின்று, இந்த முறை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததையும் படித்தேன். மேற்படி வாகனத்தின் உரிமையாளர் காலமாகிவிட்டதால் அதனை என் பெயருக்கு மாற்றித் தருமாறு வேண்டுகிறேன் என்பதே அதன் சாரம். படிக்காமல் கையெழுத்திட்டு வண்டியை இழந்தேன். எல்லாவற்றையும் படித்துவிட்டு அவள் பெயரை என் கையாலேயே எடுத்தேன். கையெழுத்திடும் முன், கீழே இருந்த மெக்கானிக்கிடம் பேனா வாங்கிக்கொள்ள இறங்கி ஏறினேன். என் சட்டைப் பையில் பேனா இருந்தது.

"பழைய அட்டையக் குடுங்க சார்."

"அதை நான் வைத்துக்கொள்ளலாமா?"

"ஒப்படைக்கணும் சார். ரூல்."

அந்த விதி எனக்குத் தெரியும். கொடுத்தேன். அவர் அதை ஓர் அட்டைப்பெட்டிக்குள் போட்டார். உள்ளே அதுபோல நிறைய இருந்தன.

புதிய அட்டை மூன்று வாரம் கழித்துத் தபாலில் வந்தது. அதில் என் பெயர். அதன் கீழே, இன்னாரின் மகன் என்று என் தந்தையின் பெயர். அவர் இறந்து இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்த வண்டியை அவர் கண்டதில்லை. தம் மருமகள் ஓட்டுவாள் என்று கேட்டிருந்தால் நம்பியிருக்கமாட்டார். இறந்தவர் பெயர் அட்டையில் இருக்கக் கூடாது என்று யாரும் அவர் விஷயத்தில் சொல்லவில்லை. அவளுடைய அட்டையில் அவள் பெயருக்குக் கீழே நான் இருந்தேன். என்னுடையதில் அவளுக்கு இடமில்லை.

வண்டி இப்போது அடுக்ககத்தின் கீழே, அவள் வழக்கமாக நிறுத்தும் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறது. மெக்கானிக் பதினைந்து நாளுக்கொரு முறை வந்து, முழங்காலை மடக்கி உட்கார்ந்து, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டுப் போகிறார். இருக்கை முன்னாலேயே இருக்கிறது. சில மாலைகளில் நான் போய் இடப்பக்கம் அமர்வதுண்டு. அக்கா அதைப் பார்த்துவிட்டு, அடுக்ககத்தில் எல்லோரும் பேசுகிறார்கள் என்றாள். பேசட்டும்.

அட்டையை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அதன் ஒரு மூலையில், உரிமையாளர் வரிசை எண் என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. நாற்பது ஆண்டு மணவாழ்க்கையில் எந்தக் காகிதத்திலும் அவளுக்கு அடுத்த எண் எனக்கு வந்ததில்லை. அதில் இரண்டு என்று அச்சிட்டிருக்கிறார்கள்.